ஃபேன் கண்டென்சர்ல இருந்து மொட்டைமாடி சோலார் வரைக்கும்: தின் ஃபிலிம் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல தின் ஃபிலிம் பத்தி ஒரு பக்கம் எழுதினாலும் எழுதினோம், கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. கண்ணாடி மேலயோ பிளாஸ்டிக் மேலயோ சில நானோமீட்டர்ல (ஒரு மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு) இருந்து சில மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கனத்துக்கு ஏத்துற படலம் தான் போன், டிவி, சோலார்னு எல்லாத்துலயும் வேலை பாக்குதுன்னு அதுல சொல்லியிருந்தோம். வந்த கேள்வியைப் பாத்தா பாதி பேர் வீட்டு ரிப்பேர் பத்தி தான் கேட்டிருக்கீங்க. நல்லது தான், கெட்டுப் போன சாமான்ல இருந்து ஆரம்பிச்சா விஷயம் சீக்கிரம் பிடிபடும். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால ஊர் மட்டும் போட்டிருக்கு.

கேள்வி: எங்க வீட்டு ஹால் ஃபேன் வருஷா வருஷம் சித்திரை வந்தா மெதுவா சுத்துது. எலக்ட்ரீஷியன் தம்பி வந்து கண்டென்சரை மாத்துனதும் சரியாயிருது. பழைய கண்டென்சரைப் பாத்தா வெடிக்கவும் இல்ல, கருகவும் இல்ல, புதுசாட்டம் இருக்கு. ஏமாத்துறானோன்னு சந்தேகமா இருக்கு. (குடும்பத் தலைவி, வில்லாபுரம்)

ஏமாத்தல அக்கா, தம்பி சரியாத் தான் செஞ்சிருக்காப்ல. அந்த வெள்ளை டப்பாக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தா உங்களுக்கே புரிஞ்சிரும். உள்ள பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் தாள் சுருட்டி வச்சிருக்கும், தாளோட கனம் சில மைக்ரோமீட்டர் தான், அந்தத் தாள் மேல அலுமினியமோ ஜிங்க் கலந்த அலுமினியமோ ஆவியாக்கிப் படிய வச்சிருப்பாங்க, அது வெறும் சில பத்து நானோமீட்டர். 30 நானோமீட்டர்னே வச்சுக்கோங்க, அந்த மாதிரி 2,000 படலத்துக்கு மேல அடுக்குனாத் தான் ஒரு தலைமுடி கனம் வரும். சிப்ஸ் பாக்கெட் உள்பக்கம் வெள்ளி கணக்கா மினுங்குதுல்ல, அதுவும் இதே மாதிரி வெற்றிடத்துல அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வச்சது தான்.

சரி, கெடாம எப்படி கெட்டுச்சு? இங்க தான் விஷயம் இருக்கு. பிளாஸ்டிக் தாள்ல எங்கயாவது ஒரு பலவீனமான இடம் இருக்கும், ராத்திரி வோல்டேஜ் ஏறுறப்ப அந்த இடத்துல பொத்துக்கிட்டு கரன்ட் பாயும், பழைய காலத்து கண்டென்சரா இருந்தா அத்தோட ஷார்ட் ஆகி சோலி முடிஞ்சிருக்கும், ஆனா இதுல உலோகம் அம்புட்டு மெல்லிசா இருக்கிறதால பொத்தலைச் சுத்தி இருக்கிற உலோகம் கண் இமைக்கிறதுக்கு முன்னாடி ஆவியாகிப் போயிரும். பொத்தல் இருக்கு, ஆனா அதைச் சுத்தி உலோகமே இல்ல, அதனால ஷார்ட்டும் இல்ல. தன்னைத் தானே ஆத்திக்கிற மாதிரி வேணும்னே டிசைன் பண்ணது இது, மெல்லிசா இருந்தா மட்டும் தான் நடக்கும், கனமான தகடு வச்சா நடக்காது.

ஆனா ஒவ்வொரு தடவையும் துளித் துளியா உலோகப் பரப்பு குறையுது. அதுகூட ஈரம் உள்ள போனா ஓரத்துல இருந்து உலோகம் அரிச்சுக்கிட்டே வரும். சூடு ரெண்டையும் வேகப்படுத்தும், மதுரை வெயிலுக்கு சீலிங் ஒட்டி இருக்கிற ஃபேன் கப்புக்குள்ள எம்புட்டு வேக்காடு இருக்கும்னு நான் சொல்ல வேணாம். மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற அளவு 2.5 மைக்ரோஃபேரட்னு எழுதியிருக்கிறது நாளடைவுல 2, 1.8ன்னு இறங்கிரும், வெளிய டப்பா புதுசாவே இருக்கும், ஃபேன் மட்டும் சோம்பலா சுத்தும். அந்தத் தம்பிகிட்ட கெபாசிட்டர் (கண்டென்சரோட இன்னொரு பேரு) அளக்கிற மல்டிமீட்டர் இருந்தா பழசை அளந்து காட்டச் சொல்லுங்க, சந்தேகம் தீந்துரும்.

இன்னொன்னு, வேகம் கூடட்டும்னு 2.5க்கு பதிலா 3.15 போட்டு விடுற ஆளுங்களும் இருக்காங்க. அது வேணாம். மோட்டார் காயில் தேவையில்லாம சூடாகும். வருஷா வருஷம் போகுதுன்னா மலிவு சரக்கு போடுறாங்கன்னு அர்த்தம், 440 வோல்ட் போட்ட நல்ல கம்பெனி சாமானா வாங்கிக் குடுங்க. (பிஎல்டிசி ஃபேன் வச்சிருக்கிறவங்களுக்கு இந்தப் பஞ்சாயத்தே கிடையாது, அதுல இந்த கண்டென்சர் இல்ல, போர்டு போனா செலவு தான் வேற.)

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மல்லிகைப்பூ கடை வச்சிருக்கேன். பூவுல தண்ணி தெளிச்ச கையோட போனைத் தொட்டா அது பாட்டுக்கு எங்கெங்கயோ போகுது, ஒரு தடவை யாருக்கோ வீடியோ கால் போயிருச்சு. ஸ்க்ரீன் போயிருச்சா, மாத்தணுமா? (பூ வியாபாரி, மதுரை)

மாத்தாதீங்கண்ணே, ஸ்க்ரீன் நல்லாத் தான் இருக்கு. மேல் கண்ணாடிக்கு கீழ ஒரு படலம் இருக்கு, இண்டியம் டின் ஆக்சைடுன்னு பேரு, நிறைய போன்ல இது தான். இண்டியம் ஆக்சைடு 90 பங்கு, டின் ஆக்சைடு 10 பங்கு சுமாரா. இதோட அதிசயம் என்னன்னா கண்ணாடி மாதிரி பார்வைக்குத் தெரியவும் தெரியாது, உலோகம் மாதிரி கரன்டையும் கடத்தும், ரெண்டும் சேந்து இருக்கிற பொருள் உலகத்துல ரொம்ப கம்மி. இந்தப் படலத்தைக் கோடு கோடா குறுக்கும் நெடுக்குமா போட்டு, கோடுகளுக்கு நடுவுல இருக்கிற மின் தேக்கத்தை போன் அளந்துக்கிட்டே இருக்கும், உங்க விரல் கிட்ட வந்தா அது மாறும், எங்க மாறுச்சோ அங்க தொட்டீங்கன்னு கணக்கு. தண்ணிச் சொட்டும் அதே மாத்தத்தைப் பண்ணும், அதனால போனுக்கு விரலா சொட்டான்னு குழம்பிருது. துண்டுல ஒரு தடவை கையையும் போனையும் துடைச்சா போதும். பணம் வாங்குறதுக்கு க்யூஆர் அட்டையும் சவுண்ட் பாக்ஸும் வச்சுட்டா போனைத் தொடவே வேண்டியதில்ல.

கூடவே ஒரு விஷயம், நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். கண்ணாடிக்கு மேல் பக்கம் எண்ணெய் ஒட்டாம இருக்க ஃப்ளோரின் கலந்த ஒரு பூச்சு போட்டிருப்பாங்க, சில நானோமீட்டர் தான். புதுப் போன்ல வடை சாப்பிட்ட கையை வச்சாலும் ஒரு துடைப்புல போயிரும், ஒரு வருஷம் கழிச்சு அதே எண்ணெய் இழுக்க இழுக்க பரவுது பாருங்க, அந்தப் பூச்சு தேஞ்சு போச்சு, அம்புட்டுத் தான். பல் பொடி, பேஸ்ட் எல்லாம் போட்டு ஸ்க்ரீன் தேய்க்கிற வீடியோவைப் பாத்து செஞ்சீங்கன்னா ஒரே நாள்ல போயிரும்.

கேள்வி: இம்புட்டு மெல்லிசா இருக்கிறதை ஸ்கேல்ல அளக்க முடியாதே, அப்ப எப்படி சார் அளப்பாங்க? (எட்டாம் வகுப்பு மாணவர், மேலூர்)

அருமையான கேள்வி தம்பி. படலத்தை அளக்க மாட்டாங்க, எடையைப் போடுவாங்க, அதுவும் படலம் ஏறிக்கிட்டு இருக்கும் போதே. எப்படின்னா, கடிகாரத்துக்குள்ள இருக்கிற குவார்ட்ஸ் இருக்குல்ல, அதுல ஒரு சின்ன வட்டத் துண்டை மெஷினுக்குள்ள வச்சிருப்பாங்க, அது நொடிக்கு 60 லட்சம் தடவை அதிரும். அலுமினியம் ஆவி கண்ணாடி மேல படியிறப்ப இது மேலயும் படியும், படியப் படிய எடை கூடும், எடை கூடக் கூட அதிர்வு குறையும், எத்தனை குறைஞ்சுச்சுன்னு எண்ணுனா எம்புட்டு படிஞ்சுச்சுன்னு தெரிஞ்சிரும். 1959ல ஜெர்மனியில சவர்ப்ரேங்கிறவர் போட்ட கணக்கு இது, இன்னைக்கும் அதை வச்சுத் தான் ஓட்டுறாங்க. ஒரு அணு அடுக்கை விடக் கம்மியா படிஞ்சாலும் காட்டிக் குடுத்துரும்.

நிறத்தை வச்சும் சொல்லலாம். மழை பேஞ்ச ரோட்டுல பெட்ரோல் சிந்துனா கலர் கலரா தெரியும்ல, படலத்தோட மேல் பக்கம் பட்டுத் திரும்புற வெளிச்சமும் அடிப் பக்கம் பட்டுத் திரும்புற வெளிச்சமும் ஒண்ணோட ஒண்ணு சேர்றதால வர்ற கலர் அது. சிலிக்கான் மேல ஆக்சைடு படலம் 100 நானோமீட்டர்னா ஊதா கலந்த சிவப்பா இருக்கும், 150ன்னா வெளிர் நீலம். பழகின ஆளு ஒரு பார்வையில சொல்லிருவாரு.

வெற்றிடம் எதுக்குன்னும் கேட்டிருக்க. சாதா காத்துல ஒரு அணு கிளம்புனா ஒரு மில்லிமீட்டர்ல பத்தாயிரத்துல ஒரு பங்கு தூரம் போறதுக்குள்ள காத்துல இருக்கிற இன்னொன்னு மேல முட்டிரும். காத்தை 10 கோடியில ஒரு பங்கா குறைச்சிட்டா சில மீட்டர் முட்டாம நேராப் போகும். அதான் படலம் ஒழுங்கா படியும்.

கேள்வி: ரிட்டையர்டு ஆசிரியர். மொட்டைமாடியில 3 கிலோவாட் சோலார் போடலாம்னு இருக்கேன். தின் ஃபிலிம் பேனல் நம்ம ஊர் வெயிலுக்கு நல்லதுன்னு ஒருத்தர் சொல்றார், வேணவே வேணாம்னு இன்னொருத்தர் சொல்றார். எதை நம்புறது? (திருமங்கலம்)

ரெண்டு பேர் சொல்றதுலயும் உண்மை இருக்குங்க ஐயா. வீட்டு மாடியில எல்லாரும் போடுறது சிலிக்கான் பேனல், அதுல சிலிக்கான் தகடு 150 மைக்ரோமீட்டர் சுமாருக்கு இருக்கும். தின் ஃபிலிம்னு சொல்றது பெரும்பாலும் காட்மியம் டெல்லுரைடு, அதுல வெளிச்சத்தை உறிஞ்சுற படலம் வெறும் மூணு மைக்ரோமீட்டர் சுமார் தான். அந்தப் பொருள் வெளிச்சத்தை நல்லா உறிஞ்சும், அதனால கனமா போட வேண்டியதில்ல. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்துல ஃபர்ஸ்ட் சோலார் கம்பெனி இந்த வகை பேனல் செய்யிற ஃபேக்டரியை 2024 ஜனவரியில திறந்துச்சு, வருஷத்துக்கு 3.3 ஜிகாவாட் செய்யிற அளவு.

வெயில் கதைக்கு வருவோம். பேனல்ல எழுதியிருக்கிற வாட் எல்லாம் 25 டிகிரியில அளந்தது, நம்ம ஊர் மாடியில மே மாசம் மத்தியானம் பேனல் 60, 65 டிகிரிக்குப் போயிரும். ஒவ்வொரு டிகிரிக்கும் சாதா சிலிக்கான் 0.35 சதவீதம் சுமாரா இழக்கும், காட்மியம் டெல்லுரைடு 0.3 பக்கத்துல. 40 டிகிரி ஏறுச்சுன்னா 14க்கும் 12க்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவு தான். இதுக்காக அலைய வேணாம்னு தான் நான் சொல்வேன், அதுவும் இப்ப வர்ற புது சிலிக்கான் வகைகள்லயே 0.3, அதுக்கும் கீழன்னு வந்திருச்சு. அதுல ஒரு வகை சிலிக்கான் தகட்டுக்கு ரெண்டு பக்கமும் சில நானோமீட்டருக்கு அமார்ஃபஸ் சிலிக்கான் (அணுக்கள் ஒழுங்கா அடுக்கி இருக்காத சிலிக்கான்) படலம் போட்டது, ஆக சிலிக்கான் வாங்குனாலும் தின் ஃபிலிம் உள்ள இருக்கத் தான் செய்யுது. பழைய பேனல் நீலமா இருக்கிறதும் மேல போட்ட சிலிக்கான் நைட்ரைடு படலத்தால தான், அது 75 நானோமீட்டர் சுமார், வெளிச்சம் திரும்பிப் போகாம உள்ள இழுக்கிறதுக்கு போடுறது.

உங்க மாடியில இடம் தான் முக்கியம். சிலிக்கான் ஒரு சதுர மீட்டருக்கு கொஞ்சம் கூடுதலா தரும், சின்ன மாடிக்கு அது தான் சரி, தின் ஃபிலிம் ஏக்கர் கணக்குல போடுற இடத்துக்கு. பிரதமர் சூர்யா கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, நீங்க விசாரிச்சிருப்பீங்க.

அதை விட ஒரு விஷயத்துல கவனமா இருங்க, கழுவுற விஷயத்துல. பேனல் கண்ணாடி மேலயும் வெளிச்சம் திரும்பாம இருக்க நூத்துச் சொச்சம் நானோமீட்டருக்கு ஒரு சிலிக்கா பூச்சு இருக்கும், நுண்ணிய ஓட்டை ஓட்டையா இருக்கிற பூச்சு. திருமங்கலம் பக்கம் போர் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும், வாளியில வச்சாலே வெள்ளை வளையம் விழும், அந்தத் தண்ணியை மத்தியானம் கொதிக்கிற பேனல்ல ஊத்துனா உப்பு அப்படியே காஞ்சு ஒட்டிக்கும், அதை எடுக்கிறேன்னு சபீனா போட்டு கம்பி நாரால தேச்சீங்கன்னா பூச்சே போயிரும், அப்புறம் எந்தக் கம்பெனி பேனலா இருந்தா என்ன. விடியக்காலையில, நல்ல தண்ணியில, மெல்லிய துணி மாப். மழைத் தண்ணி பிடிச்சு வச்சிருந்தா அதை விட நல்லது.

கேள்வி: எம்.எஸ்சி. பிசிக்ஸ் ப்ராஜெக்ட். ஸ்ப்ரே பைரோலிசிஸ்ல (கரைசலை சூடான கண்ணாடி மேல தெளிக்கிற முறை) ஜிங்க் ஆக்சைடு படலம் போடுறேன், ஜிங்க் அசிடேட் கரைசல், 400 டிகிரி, மைக்ரோஸ்கோப் ஸ்லைடு. படலம் வெள்ளையா பொடிப் பொடியா வருது, விரல்ல தொட்டா ஒட்டிக்கிட்டு வருது. கைடு கிட்ட கேட்டா ரிபீட் பண்ணுன்னு மட்டும் சொல்றார். (நாகமலை புதுக்கோட்டை)

தம்பி, அதே மாதிரி ரிபீட் பண்ணா அதே பொடி தான் வரும். என்ன நடக்குதுன்னு முதல்ல யோசி. கரைசல் சொட்டா கிளம்பி சூடான கண்ணாடியை நோக்கி வருது. சொட்டு ஈரத்தோடயே போய் விழுந்தா தெறிச்சு வட்ட வட்டமா கறை விழும். வர்ற வழியிலேயே தண்ணி முழுக்க ஆவியாகி, உப்பும் அந்தரத்துலயே வெந்து போச்சுன்னா கண்ணாடிக்கு வந்து சேர்றது வெறும் தூள், அது மேல உக்காரும், ஒட்டாது. ரெண்டுக்கும் நடுவுல, கண்ணாடியைத் தொடுற நேரத்துல ஆவியாகி அந்த இடத்துலயே ரியாக்ஷன் நடக்கணும், அப்பத் தான் பளிச்சுன்னு, ஊடுருவிப் பாக்குற மாதிரி படலம் வரும். உன் கேஸ் ரெண்டாவது, அதனால சொட்டு ரொம்ப சின்னதா இருக்கு, இல்ல தூரம் ஜாஸ்தி, இல்ல சூடு ஜாஸ்தி.

சூட்டுல இருந்து ஆரம்பி. உன் 400 எங்க அளந்தது? நிறைய லேப்ல சூடு அளக்கிற தெர்மோகப்பிள் ஹீட்டர் தகட்டுக்குள்ள இருக்கும், கண்ணாடி மேல என்ன சூடுன்னு யாருக்கும் தெரியாது. ஒரு பழைய ஸ்லைடை வச்சு அது மேல தெர்மோகப்பிளை அழுத்திப் பிடிச்சு ஒரு தடவை அளந்து பாரு, ஸ்ப்ரே அடிக்கும் போது எம்புட்டு இறங்குதுன்னும் பாரு. அப்புறம் விட்டு விட்டு அடி, ஒரு சில நொடி அடிச்சிட்டு சூடு திரும்ப ஏற விடு. 350ல இருந்து 400 வரைக்கும் படிப்படியா மாத்தி, நாஸிலுக்கும் ஸ்லைடுக்கும் உள்ள தூரத்தை 30 சென்டிமீட்டர்ல இருந்து குறைச்சு, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. எல்லாத்தையும் ஒண்ணா மாத்துனா எதனால சரியாச்சுன்னு வைவாவுல சொல்ல முடியாது.

கரைசல் லேசா கலங்கி இருந்தா சில சொட்டு அசிட்டிக் அமிலம் விடு, தெளிஞ்சிரும், ஹைட்ராக்சைடு தங்காது. கம்ப்ரஸர் காத்துல தண்ணியும் எண்ணெயும் வரும், குறிப்பா ஐப்பசி கார்த்திகையில, லைன்ல ஃபில்டர் போட்டிருக்கான்னு பாரு. கண்ணாடி சுத்தமான்னு தெரிஞ்சுக்க ஸ்லைடு மேல காய்ச்சி வடிச்ச தண்ணி ஊத்து, தாளா பரவுனா சுத்தம், முத்து முத்தா உருண்டா இன்னும் பிசுக்கு இருக்கு, திரும்ப சோப்பு, அசிட்டோன், அல்ட்ராசோனிக். கடைசியில ஸ்லைடை சூட்டோட எடுக்காத, ஹீட்டரை ஆஃப் பண்ணிட்டு தானா ஆற விடு. ஒட்டுதான்னு பாக்க செல்லோடேப்பை ஒட்டி வெடுக்குன்னு உரி, டேப்போட வரலன்னா எக்ஸ்ஆர்டிக்கு (எக்ஸ் கதிர் வச்சு படிக அமைப்பைப் பாக்குற சோதனை) அனுப்பு, அதுக்கு முன்னாடி அனுப்பி காசை வீணாக்காத. புகை போக்கி இல்லாம இதைச் செய்யவே செய்யாத.

கேள்வி: எம் பொண்ணு தின் ஃபிலிம்ல பிஎச்.டி. பண்றேங்குது. அஞ்சாறு வருஷம் படிச்சிட்டு வேலை கிடைக்குமா, இல்ல காலேஜ்ல கொறஞ்ச சம்பளத்துக்கு நிக்கணுமா? ஒளிக்காம சொல்லுங்க. (விவசாயி, உசிலம்பட்டி)

அண்ணே, ஒளிக்காமலே சொல்றேன், எந்த லேப்ல சேருதுங்கிறதைப் பொறுத்து ரெண்டுமே நடக்கலாம். கலவையில 2 சதவீதம், 4 சதவீதம், 6 சதவீதம்னு எதையாவது சேத்து, எக்ஸ்ஆர்டி எடுத்து, பேண்ட் கேப் கணக்குப் போட்டு பேப்பர் போட்டுட்டு முடிக்கிற ஆராய்ச்சி நம்ம பக்கம் நிறைய இருக்கு. அதுல படலம் போடத் தெரியும், ஆனா அதை வச்சு ஒரு டயோடோ சென்சாரோ செஞ்சு ஆறு மாசம் ஓட விட்டுப் பாத்த அனுபவம் இருக்காது. கம்பெனிக்காரன் கேக்குறது அந்த ரெண்டாவதைத் தான். அதனால பொண்ணை சேர்றதுக்கு முன்னாடி லேப்ல இருக்கிற சீனியர் பிள்ளைகள் கிட்ட பேசச் சொல்லுங்க, இங்க டிவைஸ் செய்யிறீங்களா, வெற்றிட மெஷின் ஓடுதா இல்ல துணி போத்தி வச்சிருக்கான்னு கேக்கச் சொல்லுங்க.

இடம் பக்கத்துலயே இருக்கு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம், அங்கயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்ததால 1948ல நேரு அடிக்கல் போட்டு 1953ல திறந்த இடம் அது. நெட்ங்கிற தேசிய அளவுப் பரீட்சையில ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) தகுதி வாங்கிட்டா மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும், உங்க கையை எதிர்பாக்க வேண்டியதில்ல. அதுபோக ஐஎன்யூபின்னு ஒரு திட்டம் இருக்கு, பெங்களூர் ஐஐஎஸ்சி, பம்பாய் ஐஐடி மாதிரி இடத்துல இருக்கிற, தூசி அண்டாத கிளீன் ரூமை வெளிக் கல்லூரிப் பிள்ளைகளும் போய் பயன்படுத்தலாம், நம்ம பிள்ளைகள் பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது.

தலைப்பு எதுன்னு கேட்டா, பெரோவ்ஸ்கைட்ங்கிற ஒரு வகைப் படிகப் பொருளை வச்சு செய்யிற சோலார்ல சோலி நிறைய இருக்கு. 2009ல ஜப்பான்ல மியாசாகா குழு செஞ்சப்ப 3.8 சதவீதம், இப்ப லேப்ல 26க்கு மேல போயிருச்சு. ஆனா ஈரமும் சூடும் பட்டா சீக்கிரம் கெட்டுப் போகுது. உங்க பொண்ணு அதை உசிலம்பட்டி வெயில்ல ரெண்டு வருஷம் தாங்க வச்சுச்சுன்னா வேலையைத் தேடிப் போக வேண்டியதில்ல, தேடி வருவாங்க.

கேள்வி: ஓஎல்இடி டிவி வாங்கலாமா? வீட்டுல நாள் முழுக்க நியூஸ் சேனல் தான் ஓடும். (அண்ணா நகர், மதுரை)

அப்படின்னா யோசிங்க. எல்இடி, க்யூஎல்இடின்னு விக்கிறதெல்லாம் எல்சிடி தான், பின்னாடி விளக்கு எரியும், முன்னாடி படம். அதுல ஃபுல் எச்டி ஸ்க்ரீன்ல மட்டும் 62 லட்சம் தின் ஃபிலிம் டிரான்சிஸ்டர் கண்ணாடி மேல வரிசையா இருக்கும், அது கெடுறது அபூர்வம். ஓஎல்இடியில ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், எரியிற கரிமப் படலம் மொத்தமே சில நூறு நானோமீட்டர் தான். 1987ல கோடாக் கம்பெனியில டாங், வான் ஸ்லைக்னு ரெண்டு பேர் செஞ்சு காட்டினப்ப இருந்தே இதோட தலைவலி ஆயுசு தான், அதுலயும் நீலம் சீக்கிரம் மங்கும். நியூஸ் சேனல் லோகோவும் கீழ ஓடுற பட்டையும் ஒரே இடத்துல வருஷக்கணக்கா எரிஞ்சா அந்த இடம் மட்டும் தேஞ்சு, சினிமா போட்டாலும் லோகோ நிழலா தெரியும். இப்ப வர்ற செட்ல படத்தை லேசா நகத்துற வசதி எல்லாம் வச்சு சமாளிக்கிறாங்க, ராத்திரி படம் பாக்குற வீட்டுக்கு ஓஎல்இடி மாதிரி வராது. உங்க வீட்டுக்கு எல்சிடியே போதும். இல்ல ஆசையா இருக்குன்னா, பர்ன்-இன் (இந்த நிழல் விழுறதுக்குப் பேரு) வந்தா வாரன்டி உண்டா இல்லயான்னு காசு குடுக்கிறதுக்கு முன்னாடி கார்டை வாங்கிப் படிச்சுப் பாத்துருங்க.